தானியங்கிக் கதவும் இரண்டு நிமிட நிறுத்தமும்: நெல்லையில் வந்தே பாரத் ஏறிப் பழகிய அனுபவம்

எங்கள் குடும்பத்தில் யார் சென்னைக்குக் கிளம்பினாலும் டிக்கெட் போடுவதும், ஜங்ஷன் வரை கூட்டிப்போய் ஏற்றிவிடுவதும் என் பொறுப்பு. வீடு பாளையங்கோட்டையில். அக்கா இருப்பது தாம்பரத்தில். அம்மாவுக்குக் கண் வைத்தியம் நடப்பதும் சென்னையில்தான். அதனால் 2023 செப்டம்பர் 24-ம் தேதி திருநெல்வேலி – சென்னை எழும்பூர் வந்தே பாரத் தொடங்கியதிலிருந்து அந்த வண்டியோடு எனக்கு நல்ல பழக்கம். விடியற்காலையில் ஏற்றிவிடப் போவேன், ராத்திரி பத்தரைக்கு மேல் வந்து இறங்குகிறவர்களைக் கூட்டிவரப் போவேன், அம்மாவோடு நானே ஏறியும் போவேன். 2024 ஆகஸ்ட் 31-ல் நாகர்கோவில் வந்தே பாரத்தும் வந்துவிட்டது. இங்கேயே புறப்படும் வண்டி ஒன்று, நாகர்கோவிலிலிருந்து வந்து கொஞ்ச நேரமே நின்று போகும் வண்டி ஒன்று என்று இரண்டிலும் ஏறிப் பார்த்தாயிற்று.

இந்த வண்டி எந்த ஸ்டேஷனில் பிந்தினாலும் உடனே காதில் விழுவது, "கதவு மக்கர் பண்ணுது" என்ற பேச்சு. நான் பார்த்தவரை கதவு மக்கர் பண்ணியது அபூர்வம். பெரும்பாலான நேரம் கதவு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. செந்தூர் பாசஞ்சருக்கு ஏறுகிற மாதிரியே நாம் இதற்கும் ஏறப் பார்க்கிறோம், தாமதம் அங்கேதான் பிறக்கிறது. இந்த வண்டி நமக்குப் புதிது, நிறுத்தம் கிடைக்கிற ஊர்களுக்கு இன்னும் புதிது. பழகிக்கொண்டால் தீர்ந்துபோகிற சங்கதி இது என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கதவு எப்படி இயங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் சும்மா தள்ளித் திறக்கிற கதவு இல்லை அது. மூடியிருக்கும்போது பெட்டியின் சுவரோடு சுவராகப் பதிந்திருக்கும். திறக்கும்போது முதலில் சற்று வெளியே தள்ளி வரும், அப்புறம்தான் பக்கவாட்டில் நகரும். கூடவே கீழேயிருந்து ஒரு படி பிளாட்பாரத்தை நோக்கி நீண்டு வரும். வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் கால் சிக்காமல் இருக்கத்தான் அந்தப் படி. மூடும்போது விளக்கு மினுக்கி, 'பீப் பீப்' என்று ஒலி எழுப்பிவிட்டுக் கதவு நகர்ந்து வந்து, உள்ளே அமுங்கிப் பூட்டிக்கொள்ளும். படியும் உள்ளே போய்விடும்.

இதைத் திறப்பதும் அடைப்பதும் ஓட்டுநர் அறையிலிருந்து. பிளாட்பாரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கதவுகள் மட்டும் திறக்கும். எல்லாக் கதவும் பூட்டிவிட்டது என்ற தகவல் அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வண்டிக்கு இழுவை கிடைக்கும். ஒரே ஒரு கதவு பூட்டாமல் நின்றாலும் வண்டி அசையாது. நம் ஆட்கள் பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் கட்டி, 2019 பிப்ரவரியில் டெல்லி – வாரணாசி தடத்தில் முதலில் ஓடிய வண்டியிலிருந்தே ஏற்பாடு இதுதான்.

பழைய வண்டிக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதில் இருக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் ஒருவர் பிந்தி வந்தால் அவர் ஓடுவார், கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொள்வார், இல்லையென்றால் வண்டியை விடுவார். வண்டி அவருக்காக நிற்காது. ஆபத்தும் நஷ்டமும் அவரோடு போயிற்று. இந்த வண்டியில் ஒருவர் தன் பையைக் கதவுக்கு நடுவே நீட்டினால் கதவு மறுபடி திறந்துகொள்ளும். பதினாறு பெட்டி வண்டி என்றால் அதில் 1,128 இருக்கை. அத்தனை பேரும் அந்த ஒரு பைக்காகக் காத்திருக்க வேண்டும். பின்னால் வருகிற வண்டியும் சிக்னலில் காத்திருக்க வேண்டும்.

புறப்படும் ஸ்டேஷனில் வேறொரு தொல்லை. அங்கே வண்டி நெடுநேரம் கதவைத் திறந்துகொண்டே நிற்கும். ஏற்றிவிட வந்தவர்கள் ஆற அமர உள்ளே போய், பையை மேலே வைத்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். பழைய வண்டியில் அது வழக்கம்தானே. வண்டி நகர ஆரம்பித்த பிறகுகூட நாலு எட்டில் இறங்கிவிடலாம். இதில் அந்த நாலு எட்டு கிடையாது. புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்னாலேயே கதவு அடைத்துவிடும்.

வண்டி தொடங்கிய புதிதில் என் பெரிய மாமா இப்படித்தான் மாட்டிக்கொண்டார். சேரன்மகாதேவி பக்கத்தில் வயல் வைத்திருப்பவர். மகளையும் பேத்தியையும் ஏற்றிவிட வந்திருந்தார். கையில் பிளாட்பார டிக்கெட். மகளுக்கென்று அரிசி, கருப்பட்டி, தேங்காய் எல்லாம் திணித்த இரண்டு கட்டைப்பை. மேலே உள்ள தட்டில் அந்தப் பை இடம் கொள்ளவில்லை. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒலி கேட்டிருக்கிறது. அவர் நிமிர்ந்து வாசலுக்கு வருவதற்குள் கதவு அமுங்கிவிட்டது. வெளியே பிளாட்பாரத்தில் நான் நிற்கிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா. கதவின் விளிம்பில் விரலை நுழைத்துத் தள்ளப் பார்க்கிறார். விரல் நுழைய அங்கே இடமே இல்லை.

"ஏட்டி, கதவத் தொறக்கச் சொல்லு! உங்கம்மை வெளிய நிக்கா!" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. பிறகு மாமா மகள் சொன்னாள். "அப்பா, இழுக்காதீங்க, இனிமே தொறக்காது. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிக்கலாம்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள். அப்போது அடுத்த நிறுத்தம் விருதுநகர். நூறு கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட் பரிசோதகர் வந்ததும் மாமா மகளே முந்திக்கொண்டு நடந்ததைச் சொல்லி, கட்டணத்தையும் அபராதத்தையும் கொடுத்து ரசீது வாங்கிவிட்டாள். டிக்கெட் இல்லாமல் வண்டியில் இருந்தால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம் என்பது எல்லா வண்டிக்கும் உள்ள விதி. பிளாட்பார டிக்கெட் அதற்கு ஈடாகாது. மாமா விருதுநகரில் இறங்கி, பஸ் பிடித்து, சாத்தூர் கோவில்பட்டி வழியாகத் திரும்பி வந்து சேர்ந்தார். அத்தை அதுவரை ஜங்ஷனிலேயே உட்கார்ந்திருந்தார், வீட்டுக்கு வர மாட்டேன் என்று.

அந்தப் பெண் செய்தது எல்லாமே சரி. இப்படி ஆகிவிட்டால் செய்ய வேண்டியதும் அதுதான். கதவை இழுக்கவோ தட்டவோ வேண்டாம். உள்ளே மாட்டிக்கொண்டவர் தானாகவே போய்ப் பரிசோதகரிடம் சொல்லிவிட வேண்டும், அவர் தேடி வந்து பிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. வெளியே நிற்பவருக்கு ஒரு போன் போட்டு எந்த ஊரில் இறங்குகிறோம் என்று சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். கதவருகே அவசரத்துக்கென்று ஒரு கைப்பிடி இருக்கும். அதை இதற்காகத் தொடவே கூடாது. அதை இழுத்தால் ஊழியர் அந்தக் கதவுக்கே நடந்து வந்து பார்த்து, பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் வண்டி நகரும். காரணமில்லாமல் அபாயச் சங்கிலியை இழுத்தால் ரயில்வே சட்டம் 141-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். ஏற்றிவிட வந்த இடத்தில் அந்த வம்பு எதற்கு?

எங்கள் வீட்டில் இப்போது ஒரு கட்டுப்பாடு. ஏற்றிவிட வருகிறவர்கள் பிளாட்பாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பை கனமாக இருந்தால் ஒருவர் மட்டும் உள்ளே போய் வைத்துவிட்டு, புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். பேச்செல்லாம் பிளாட்பார பெஞ்சில். மாமாவுக்குத்தான் இதில் வருத்தம். பேத்தி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கை காட்டுவதை உள்ளே நின்று பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. ஆனால் அவரே இப்போது மற்றவர்களை இறங்கச் சொல்லி விரட்டுகிறார்.

வழியில் உள்ள நிறுத்தங்களின் கணக்கு வேறு. அங்கே இரண்டு நிமிடம் என்று கால அட்டவணையில் இருக்கும். ஆனால் வண்டி நின்று கதவு திறக்கச் சில நொடி, புறப்படுமுன் ஒலி எழுப்பிக் கதவு அடைந்து பூட்டச் சில நொடி போய்விடும். நமக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சேர் கார் பெட்டியில் 78 இருக்கை. ஒரு கதவில் இறங்குவதும் ஏறுவதுமாக 30 பேர் என்றால், ஆளுக்கு மூன்று நொடி வைத்தால்கூட 90 நொடி ஆகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு உள்படி ஏறுகிற வயதானவர் மூன்று நொடியில் ஏறுவாரா? அதனால் ஒரே கதவில் எல்லோரும் முண்டியடித்தால் அந்தக் கணக்கு அப்போதே தவறிவிடும். இரண்டு கதவுக்கும் பிரிந்து நின்றால் அதே கூட்டம் சிரமமில்லாமல் ஏறிவிடும்.

புதிதாக நிறுத்தம் கிடைத்த ஒரு ஸ்டேஷனில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், எங்கே புதிதாக நிறுத்தம் வந்தாலும் இதே கதைதான் நடக்கும். அந்த ஊரில் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு, அம்மாவும் நானும் அங்கேயே ஏறிச் சென்னைக்குப் போவதாகத் திட்டம். நிறுத்தம் வந்த முதல் நாள் மேளம், மாலை, இனிப்பு எல்லாம் நடந்திருக்கிறது. எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று காட்டும் போர்டு மட்டும் நாங்கள் போனபோது வந்திருக்கவில்லை.

வெயிலுக்குப் பயந்து அத்தனை பேரும் கூரை இருக்கிற இடத்தில் ஒதுங்கி நின்றோம். வண்டி வந்தது. எங்கள் பெட்டி எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அதைப் பார்த்ததும் கூட்டம் கலைந்து பாதிப் பேர் முன்னால் ஓட, பாதிப் பேர் பின்னால் ஓட, நடுவில் சிலர் மோதிக்கொள்ள, ஒரே களேபரம். ஒரு பெட்டிக்கு 24 மீட்டர் போட்டாலே பதினாறு பெட்டி வண்டி கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளம். திருநெல்வேலி வண்டி முதலில் எட்டுப் பெட்டியாகத்தான் வந்தது. அப்போது எங்கே நின்றாலும் ஓடிச் சமாளித்துவிடலாம். இப்போது முட்டிவலி உள்ளவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு நிமிடத்தில் போவது நடக்கிற காரியமில்லை.

அம்மாவை நான் ஓடவிடவில்லை. எதிரே இருந்த கதவில் ஏறிக்கொண்டு உள்ளேயே நடந்து எங்கள் பெட்டிக்குப் போய்விட்டோம். பெட்டிக்குப் பெட்டி வழி இருக்கிறது, நடுக் கதவுகளும் ஆள் போனால் தானாகவே திறக்கும். ஆனால் ஏறியதும் வாசலிலேயே நின்று மூச்சு வாங்கக் கூடாது. பின்னால் ஏறுகிறவருக்கு வழி விட்டு உள்ளே போய்விட வேண்டும். அன்று எங்களுக்குப் பின்னால் ஏறிய ஒரு குடும்பம் வாசலை ஒட்டிய இடத்தில் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, யார் யார் வந்தாயிற்று என்று தலை எண்ணிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர் தலையில் மூட்டையோடு படியில் ஒரு கால், பிளாட்பாரத்தில் ஒரு கால்.

ஒலி வந்தது. கதவு நகர்ந்து வந்து மூட்டையில் மெல்ல முட்டியது, நின்றது, திரும்பத் திறந்தது. பெரியவர் பயந்துபோய் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார், உள்ளே வரவும் இல்லை, இறங்கவும் இல்லை. மறுபடி ஒலி, மறுபடி கதவு வந்து முட்டித் திறந்தது. அந்தப் பக்கம் பார்த்தால் வண்டி நெடுக மற்ற எல்லாக் கதவும் அடைத்தாயிற்று. இது ஒன்றுதான் பாக்கி. பிளாட்பாரத்திலிருந்த ஊழியர் ஓடி வந்து, "உள்ள இருக்கவங்க பெட்டியெல்லாம் எடுங்க! அண்ணாச்சி, நீங்க பயப்படாம ஏறுங்க, அது உங்கள நசுக்காது!" என்று சொல்லிக்கொண்டே மூட்டையை வாங்கி உள்ளே தள்ளினார். நானும் இன்னொருவரும் பெரியவரின் கையைப் பிடித்து ஏற்றினோம். அப்புறம்தான் கதவு பூட்டியது, வண்டி கிளம்பியது.

உள்ளே போய் உட்கார்ந்ததும் முன் வரிசையில் ஒருவர், "என்னத்த வந்தே பாரத், கதவ அடைக்கத் தெரியல" என்று சலித்துக்கொண்டார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. கதவு அப்படி ஒவ்வொரு முறையும் திறந்துகொண்டதால்தான் அந்தப் பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவரிடம் சொன்னேன். தாமதத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கதவுக்கு வெளியேதான் வேலை இருக்கிறது. பெட்டி எங்கே நிற்கும் என்ற போர்டு வேண்டும், கூரை இல்லாத இடத்திலும் நிழல் வேண்டும், முதல் சில வாரங்களாவது நாலைந்து ஊழியர்கள் பிளாட்பார நெடுகிலும் நின்று ஆட்களைப் பிரித்து நிறுத்த வேண்டும். புதிய நிறுத்தம் கேட்டு மனு கொடுக்கிற ஊர்க்காரர்கள் இந்த மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. நிறுத்தம் கிடைத்தது என்று மாலை போடுவதோடு நின்றுவிட்டால், 'அந்த ஸ்டேஷனில் வண்டி எப்போதும் பிந்துகிறது' என்ற பெயர் வந்து, கிடைத்த நிறுத்தத்துக்கே அது வினையாகிவிடும்.

கதவே கெட்டுப்போனதையும் பார்த்திருக்கிறேன். ராத்திரி வண்டியில், மதுரையைத் தாண்டி வருகிற வழியில் ஒரு நிறுத்தத்தில், எங்கள் பெட்டியின் ஒரு கதவு பாதியில் நின்றுவிட்டது. விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. வண்டியிலேயே வருகிற தொழில்நுட்ப ஊழியர் டார்ச்சோடு வந்தார். முதலில் கதவைப் பார்க்கவில்லை, குனிந்து கீழ்ப்படி வருகிற இடுக்கைப் பார்த்தார். நசுங்கிப்போன தண்ணீர் பாட்டில் ஒன்று அங்கே செருகியிருந்தது. அதை நோண்டி எடுத்துவிட்டு அடைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. பிறகு சாவி போட்டு அந்த ஒரு கதவை மட்டும் இயக்கத்திலிருந்து விலக்கி, கையால் இழுத்துப் பூட்டினார். மற்றக் கதவுகள் வழக்கம்போல இயங்கின, வண்டி கிளம்பிவிட்டது. கூட நின்ற ஒரு இளைஞர், "அண்ணே, அந்த எமர்ஜென்சி கைப்பிடிய இழுத்தா சரியாயிடாதா?" என்று கேட்டதற்கு, "தம்பி, அதையும் இழுத்து வச்சா எனக்கு ரெண்டு வேலை" என்றார், வேலையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பாட்டிலையோ வாழைப்பழத் தோலையோ வாசலில் போடாதீர்கள் என்று அன்றிலிருந்து நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். இன்னொன்றும் அன்று கவனித்தேன். ஒரு கதவு விலக்கப்பட்டுவிட்டால் அந்தப் பக்கத்து ஆட்களும் மறு கதவுக்குத்தான் வர வேண்டும். நெல்லையில் கடைசி நிறுத்தம் என்பதால் எங்களுக்கு அவசரமில்லை. நடு ஸ்டேஷனில் இறங்குகிறவராக இருந்தால், ஊர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே பையோடு எழுந்து மறு கதவுக்குப் போய்விட வேண்டும். கதவு நன்றாக இருக்கும் நாளிலும் இது நல்ல பழக்கம். எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும் என்று அறிவிப்பில் சொல்வார்கள், காதில் விழவில்லையென்றால் சாப்பாடு பரிமாறும் தம்பிகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வரிசையைக் கொஞ்சம் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் முதலில் ஏற வேண்டும், பிள்ளைகள் நடுவில், இன்னொரு பெரியவர் கடைசியில். இறங்கும்போதும் அப்படியே. பையை முதலில் ஏற்றிவிட்டுப் பிள்ளையை எடுக்கத் திரும்புவதோ, பிள்ளையை ஏற்றிவிட்டுப் பைக்குத் திரும்புவதோ கூடாது. தனியாகப் பிள்ளையோடு போகிற பெண்கள், பையை விட்டாலும் பிள்ளையின் கையை விடாமல் ஏறிவிட வேண்டும். பையை யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அப்படியும் பிரிந்துபோய்விட்டால் 139-க்கு போன் செய்து வண்டி எண், பெட்டி, இருக்கை எண் சொன்னால் தகவல் போய்ச் சேரும். பெட்டிக்குள்ளும் ரயில் ஊழியரோடு பேச ஒரு பொத்தானும் ஒலிபெருக்கியும் வைத்த கருவி இருக்கிறது. உட்கார்ந்ததும் அது எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

அம்மாவுக்கு இந்த வண்டியில் முதலில் இருந்த பயம் வேறு. "எல்லாக் கதவும் பூட்டிட்டு, கரண்டும் போயிட்டுன்னா உள்ள இருக்கவங்க கதி என்னப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேலே சொன்ன அந்த அவசரக் கைப்பிடி இருப்பது இதற்காகத்தான். வண்டி நின்ற பிறகு, உண்மையான ஆபத்தில், அதை இழுத்தால் பூட்டு விடும், கதவைக் கையால் தள்ளித் திறக்கலாம். ஓடுகிற வண்டியில் கதவு திறக்காது. இதைச் சொன்ன பிறகுதான் அம்மா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வயதானவர்களை முதன்முதலாகக் கூட்டிப்போகிறவர்கள் இதை வீட்டிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் வழியெல்லாம் மனசுக்குள் வைத்துக் குமைய மாட்டார்கள்.

கதவு திறந்தே கிடந்த காலம் நல்ல காலம், காற்று வாங்கிக்கொண்டே போகலாம் என்று பேசுகிறவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியாது. 2018 ஜூலை 24-ம் தேதி சென்னைப் பரங்கிமலை ஸ்டேஷனில், புறநகர் ரயிலின் படியில் தொங்கிப் போனவர்கள் பக்கத்துக் கான்கிரீட் சுவரில் மோதி உயிரை விட்டார்கள். 2025 ஜூன் 9-ல் மும்பை பக்கம் மும்ப்ராவில் நெரிசலான ரயிலின் வாசலில் தொங்கியவர்கள் விழுந்து இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஏ.சி. இல்லாத மும்பை வண்டிகளுக்கும் தானியங்கிக் கதவு வைத்து, காற்றுக்கெனக் கதவில் துவாரம் விட்டுச் செய்வதென முடிவெடுத்தார்கள். சென்னைக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிற நம் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தப் படிகளில் தொங்கியிருக்கிறார்கள்! 2025 ஏப்ரல் 19-ல் சென்னைக் கடற்கரை – செங்கல்பட்டு தடத்தில் ஏ.சி. புறநகர் ரயில் வந்தபோது, அக்கா மகன் இனி வாசலில் நிற்க முடியாது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். அந்த வண்டி நிற்கிற நேரம் வந்தே பாரத்தைவிடக் குறைவு. ஊரிலிருந்து போய் அதில் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்களுக்கு முதலில் வழி விட்டு, கதவின் இரு ஓரமும் ஒதுங்கி நின்று ஏறினால் எல்லோருக்கும் நேரம் போதும்.

சாமான் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். அரிசி மூட்டை, வாழைத்தார், தேங்காய்ச் சாக்கு என்று நம் ஊர் ஆட்கள் கை நிறையக் கொண்டுபோகிறோம். பிள்ளைகள் மேல் உள்ள பாசம், அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய மூட்டைக்குச் சரியான வண்டி இது இல்லை. வாசலில் வைத்தால் வழி அடைபடும், மேல் தட்டில் ஏறாது. மாமா இப்போது அரிசியை லாரி பார்சலில் போட்டுவிட்டு, கருப்பட்டியையும் அல்வாவையும் மட்டும் கையில் கொடுத்து அனுப்புகிறார். தோளில் மாட்டுகிற பை ஒன்று, கையில் ஒன்று, அவ்வளவுதான். ஏறும்போது கம்பியைப் பிடிக்க ஒரு கை சும்மா இருக்க வேண்டும்.

அந்தப் புதிய நிறுத்தத்துக்கு அதற்குப் பிறகும் போய் வந்தேன். பிளாட்பாரத்தில் டீக்கடை வைத்திருப்பவர் தினமும் பார்த்துப் பார்த்து, எந்தப் பெட்டி எந்தத் தூணுக்கு நேரே நிற்கும் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். டிக்கெட்டைக் காட்டினால், "சி-6ஆ? அந்த வேப்பமரத்தத் தாண்டி ரெண்டாவது தூண்" என்று கை காட்டிவிடுவார். அடிக்கடி போகிறவர்கள் சிலர் தூண்களில் சாக்பீஸால் பெட்டி எண்ணை எழுதியும் வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் அழிந்துவிடுகிறது, மறுபடி எழுதுகிறார்கள். போர்டு கேட்டு அவர்கள் எழுதிய மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். நிழற்கூரையை இரு பக்கமும் நீட்ட வேண்டும் என்பதையும், வண்டி வருகிற நேரத்தில் பிளாட்பாரத்தின் இரு முனையிலும் ஆளுக்கொரு ஊழியர் நிற்க வேண்டும் என்பதையும் கடைசி நேரத்தில் அதில் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள்.